பதினான்காம் கேள்வி

பிரேமர்ஹாஃபன் மீன்துறைமுகம்.
நான்கு டிகிரிக் கூடத்தில்
ஹெரிங்கை வகிர்ந்து முள்ளெடுக்கும் பெண்களின்
சுட்டுவிரலில்
உளுந்தளவு உணரி ஒன்றை ஒட்டுவது
முதல் ஆறு மாதம் என் வேலை.

கேள்வித்தாள் ஔலுவிலிருந்து வந்தது.
பின்னிஷிலிருந்து ஜெர்மனுக்கு யாரோ,
அங்கிருந்து தமிழுக்கு நான்.
கலைச்சொல் அகராதியைப் புரட்டிப்
பெருமையோடு எழுதினேன்:
பணியின்போது உணர்விழப்பு ஏற்படுவதுண்டா?
'விரல்' தலைப்பிலேயே இருக்கிறதே என்று
கேள்வியில் விட்டுவிட்டேன்.

பத்தொன்பது தமிழ்ப் பெண்கள்.
பத்தொன்பது 'இல்லை'.
போலந்துக்காரிகளுக்கு உண்டு,
போர்த்துக்கீசியருக்கு உண்டு,
நம்மவருக்கு மட்டும் கிடையாது.
உணவுப் பழக்கமாக இருக்கலாம் என்று
ஜெர்மன் பேராசிரியர்
ஒரு பத்தியே எழுதிவிட்டார்.

மார்யுத் பென்சிலை எடுத்து
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
"விரல் பதினொரு டிகிரி என்கிறது.
வாய் இல்லை என்கிறது."
அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.
மீதி நேரம் காபி குடித்தாள்,
இங்கே காபி கரி மாதிரி வறுக்கிறார்கள் என்ற
தன் நெடுநாள் வருத்தத்தை
முகத்தில் மட்டும் காட்டி.

இடைவேளையில் நகுலேஸ்வரி அக்காவிடம்
உணரியைப் பிரித்துக்கொண்டே கேட்டேன்.
"நான் ஒருநாளும் மயங்கி விழேல்லையே, பிள்ளை.
அதுதானே கேட்டிருக்கு?"

கையிலிருந்த பிளாஸ்திரி
கையிலேயே ஒட்டிக்கொண்டது.

"கை மரத்துப்போவதில்லையா?"
"விறைக்கிறதோ? அது எந்த நாளும்தான்.
ஐஸ் மீனைப் பிடிச்சா விறைக்காமல் என்ன செய்யும்?
வீட்டை போனா கோட்டுப் பொத்தான் கழட்டேலாது,
பெடியன்தான் கழட்டிவிடுவான்."
சிரித்தார். நானும்
சிரிப்பது போல் ஏதோ செய்தேன்.

துவோமோவிடம் சொல்ல
மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினேன்.
ஆறு மாதம்,
ஒரு மாநாட்டுச் சுருக்கம்,
எல்லாம் என் ஒரு சொல்லால்.

அவர் கேட்டார். பிறகு பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு பாரந்தூக்கி
கொள்கலனை எடுத்து, வைத்து, திரும்பி வந்தது.
என் ஊரில் இந்த மௌனத்துக்குப் பெயர் கோபம்.
ஔலுவில் அதற்குப் பெயர் யோசனை என்று
எனக்குத் தெரியும்;
தெரிந்தும் உள்ளங்கை வியர்த்தது.

"எங்களிடம் கோஹ்மே என்று ஒரு சொல்.
குளிரில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது.
உங்கள் பெண்கள் என்ன சொல்கிறார்கள்?"
"விறைப்பு."
முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னார்,
றகரம் உருள, பகரம் அழுந்த.
மூன்று வருடமாக என் பெயரைக் கடித்துத் துப்பும்
ஜெர்மன் நாக்குகளுக்கு நடுவே
ஏனோ அழுகை வரப் பார்த்தது.
"மறுபடி கேட்போம்," என்றார்.
மன்னிக்கவில்லை. மன்னிக்க ஏதும் இருந்ததாக
நினைத்த மாதிரியும் தெரியவில்லை.

நவம்பரில் இரண்டாம் சுற்று.
விரல் விறைக்கிறதா?
ஓம். ஓம். எப்பவும். ஓம்.
பதினெட்டுப் பேர்.

நகுலேஸ்வரி அக்கா தாளைப் பார்த்தார்,
கண்ணாடிக்கு அப்பால் நின்ற மேலாளரைப் பார்த்தார்.
பெயர் எங்கும் போகாது, வெறும் எண்தான் என்று
நான் தமிழில் சொன்னேன்,
மார்யுத் ஜெர்மனில் சொன்னாள்.
"தெரியும், பிள்ளை.
இல்லை எண்டு போடுங்கோ."

இந்த முறை சொல்லில் பிழையில்லை.
போட்டேன்.
மார்யுத் பென்சிலை எடுத்தாள்,
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்,
பிறகு கீழே வைத்துவிட்டாள்.

வேலை முடிந்து
துறைமுகக் காற்று எதிர்க்க
அக்கா பேருந்துக்கு நடந்தார்,
கோட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி,
ஒரு பொத்தானும் போடாமல்.