மூன்றாம் ஜன்னல்

சான் பெத்ரோ பதிவு அலுவலகத்தில்
மூன்றாம் ஜன்னல் என்னுடையது.
மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும்,
நிறுத்தினால் வரிசை முணுமுணுக்கும்.

மிலியானா தெசீர் வந்து நின்றாள்.
பிறப்புச் சான்றுக்கு ஒரு நகல் வேண்டுமாம்,
மகனின் பள்ளித் தேர்வு மனுவோடு இணைக்க.
பேரேட்டைப் பிரித்தேன்.
தொகுதி பன்னிரண்டு, பக்கம் நூற்றேழு.
இதே ஊர் ஆஸ்பத்திரி.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவரின்
சாய்ந்த கையெழுத்து.
எல்லாம் சரி.
பெயரின் பின்பாதியைத்தான்
கவனிக்கச் சொல்கிறது சுற்றறிக்கை.

சாசனத்தில் ஒரு வரி:
மண்ணில் பிறந்தவர் மண்ணுக்கு உரியவர்,
தூதர்களின் பிள்ளைகளும்
வழிப்போக்கரின் பிள்ளைகளும் நீங்கலாக.

அவள் அப்பா ஹைத்தியிலிருந்து
கரும்பு வெட்ட வந்தவர்.
முப்பத்தெட்டு அறுவடை வெட்டினார்.
ஆலைக்குப் பின்புறம் புதைத்திருக்கிறார்கள்.
அவர் போய்க்கொண்டிருந்தவர்தான் என்று
தலைநகரில் நீதிபதிகள்
கூடி உட்கார்ந்து சொல்லியாகிவிட்டது.

"எங்கே போய்க்கொண்டிருந்தார்?"
என்று கேட்பாள் என நினைத்தேன்.
பதிலும் வைத்திருந்தேன், நல்ல பதில் இல்லை.
அவள் கேட்கவில்லை.
கம்பிக்கு உள்ளே என் ஆள்காட்டி விரலையே பார்த்தாள்.

அப்போதுதான் பிடிபட்டது.
போன தேர்தல், கன்னிமாடத்துப் பள்ளி, வாக்குச்சாவடி.
மேசைக்கு அந்தப் பக்கம் இவள்.
என் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்து,
"படத்தில் மீசை இருக்கிறதே, முகத்தில் எங்கே?"
என்று சிரித்து,
பட்டியலில் என்னைத் தேடிக் கோடு போட்டு,
விரலைப் பிடித்து மையில் அமுக்கியவள்.
ஒன்பது நாள் போகவில்லை அந்த மை.
சோற்றில் பட்டுவிடுமோ என்று
இடது கையால் சாப்பிட்டேன்.

குடிமகள் அல்லாதவள்
குடிமகன் என்று என்னை ஒப்பியிருக்கிறாள்.
என் வாக்கு செல்லுமா?
அந்த வாக்கில் வென்றவர் போட்ட சட்டம்?
அவர் நியமித்த மேலாளர்,
மேலாளர் கையெழுத்திட்ட இந்தச் சுற்றறிக்கை?
யாரிடம் கேட்பது.
மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

'பரிசீலனையில்' என்று சீட்டு எழுதினேன்.
"எப்போது வரணும்?"
"தகவல் வரும்."
"எந்த முகவரிக்கு?"
பேரேட்டில் இருந்ததைப் படித்தேன்.
"அதேதான்" என்றாள். "மாறவில்லை."

அடுத்தவர், அடுத்தவர்.
திருமணம், இறப்பு, இரட்டைக் குழந்தை.
நாலு மணிக்குக் கதவடைக்க வந்த காவலாளி
என் ஜன்னலில் தட்டினான்.

"பெஞ்சில் ஒரு பொம்பளை, சார்.
எவ்வளவு சொல்லியும்
நகரவே மாட்டேங்கிறாள்."