மூன்றாவது சிலிண்டர்

வால்பரைசோவில் சமதளம்
துறைமுகத்துக்கு மட்டும்தான்.
அங்கே என் பழைய பெஜோ
சத்தமில்லாமல் ஓடும், குறை சொல்ல முடியாது.

மேடு தொடங்கி
இரண்டாம் கியரில் கொஞ்சம் மிதித்தால்
டப்.
ஒரு விக்கல். பிறகு டப் டப்,
பின்னால் வரும் மினிபஸ்ஸின் ஹாரன்.

பிளக் நான்கும் புதிது.
பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன்.
கார்புரேட்டரைக் கழற்றி
சூப் பானையில் கழுவியதில்
இஸ்மேனியா இரண்டு நாள் பேசவில்லை.
பெட்ரோல்தான் கோளாறு, என்றான் எலாடியோ.
மனைவி விட்டுப்போனதற்கும் அவன் அதைத்தான் சொன்னான்.

மௌனத்தை அவளே முறித்தாள்:
"சும்மா நிற்கும்போது நோய் தெரியாது.
பாரம் ஏற்றிப் பார்."

இரவு பதினொன்று. தெருவிளக்கு செத்த சரிவு.
சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல். கைப்பிரேக்.
மூன்றாம் கியரில் அவள்
கிளட்சை இழை இழையாக விடுகிறாள்,
வண்டி முனகி நடுங்குகிறது,
பானெட்டுக்குக் கீழே என் தலை.

கண்டுவிட்டேன்.
பிளக் குழிக்குள் இறங்கும் கறுப்புக் குழலில்
பென்சில் கோடுபோல் ஒரு விரிசல்.
உள்ளே அழுத்தம் ஏற ஏற
தீப்பொறி வேலைக்குப் போக மறுத்து
நீலமாய்த் தாவி
பக்கத்து இரும்பில் புகுந்துகொண்டது.
திட்ட மனம் வரவில்லை.
நானும் மேடு கண்டால் குறுக்குவழி தேடுகிறவன்.

"இன்னொரு தரம்" என்றேன்.
தேவையில்லைதான்.
பார்க்க அவ்வளவு அழகு.

எட்டிப் பார்த்தவள் சாவியைத் திருப்பி அணைத்தாள்.
இருட்டில் குரல் மட்டும் வந்தது:
"அப்புறம் என் பானையை ஏன் நாசமாக்கினாய்?"