முகம் கலையாமல்

குளச்சல் சந்தையில் சாளையின் செவுளை விரித்து
மோந்து பார்ப்பாள் அம்மா.
"ஈ மொய்க்கல்ல பாத்தியா.
இது மீனில்ல, பெட்டியில வச்ச சவம்."
ஃபார்மலின் மணத்தை எனக்குச் சொல்லித்தந்தது
கல்லூரியல்ல.

அதே மணத்தில் ஏழு வருடம் சம்பளம் வாங்கினேன்.
ஆரல்வாய்மொழியில், காற்றாடிகளின் நிழல்
வந்து வந்து வெட்டிப்போகும் கூடத்தில்
வாத்துக் கொள்ளைநோய்க்கு ஊசிமருந்து.
வைரஸின்மேல் ஊற்றிவிட்டுக் காத்திருப்போம்.
நாலு நாள் வெதுவெதுப்பில் சாகும்,
சாகும்போது முகத்தைக் கோணிக்கொண்டு சாகும்.
புரதத்தைப் புரதம் கவ்வி,
அடுப்போரம் சுருங்கிய பிளாஸ்டிக் பொம்மைபோல.
அந்தக் கோணலை வாத்தின் இரத்தத்துக்குக் காட்டி
"இவன்தான், பாத்து வச்சுக்க" என்போம்.
உயிரோடு வருகிறவனோ
நேரான மூக்கோடு வருவான்.

சில வாத்துகள் ஆளை மாற்றிப் பிடித்தன.
சில பிடிக்கவேயில்லை.

போன ஆனியில் ஒரு இயந்திரம் வந்தது.
திரவம் உருளைமேல் படலமாய்ப் பரவும்,
கண்ணாடியில் விட்ட மூச்சளவு மெல்லிசாக.
எலெக்ட்ரான்கள் விழும்.
இமைப்பதற்குள் முடிந்துவிடும்.
உள்ளே சுருட்டி வைத்திருக்கும் நூல் மட்டும் அறும்
பல இடங்களில், இனி முடிச்சிட முடியாதபடி.
சட்டை கசங்காது.
ஒரு பொத்தான்கூடத் தெறிக்காது.
செத்தவன் தன் முகத்தோடேயே இருப்பான்.

வீட்டில் சொன்னேன்.
"கதிரா?" என்றாள் அம்மா.
மீன் ஆய்ந்த கை நின்றுவிட்டது.

மிடாலத்தில் அந்தச் சொல்லை
யாரும் சும்மா சொல்வதில்லை.
எங்கள் முற்றத்து மணல் கறுப்பு.
தெரசம்மாள் சித்தியின் தொண்டையில் வந்தது
அதனால்தான் என்று யாரும் சொன்னதில்லை,
அதனால் இல்லை என்றும் சொன்னதில்லை.
மணல் தோண்டாதே என்று கலெக்டருக்குப் போன மனுவில்
அம்மாவின் கைநாட்டுக்குக் கீழே
என் கையெழுத்து, இங்கிலீஷில், பட்டத்தோடு.

"இது வேற அம்மா. கரண்டு போனா கதிரும் போயிரும்.
மணலுக்குத்தான் சுவிட்ச் இல்ல."
"சுவிட்சு ஒனக்க கையிலயா இருக்கு?
மொதலாளிக்க கையில."

அவள் கேட்டதற்கு என் ஆய்வேட்டில்
பக்கம் இல்லை.

முதல் தொகுதியை முட்டைகளில் செலுத்தினோம்.
ஒன்றே ஒன்று பிழைத்திருந்தால் போதும், எல்லாம் வீண்.
இருட்டறையில் விளக்கின்மேல் முட்டையை வைத்தால்
சிவப்பு நரம்புகள் கொடிபோல் படரும்,
நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துள்ளும்.
துள்ளினால் வைரஸ் செத்தது.
துள்ளல் நின்றால் வைரஸ் இருக்கிறது.
பிறக்காத குஞ்சைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி
மூன்று சுற்று, நூற்றிருபது முட்டை.
எழுபத்தி மூன்றாவது அசையவில்லை.
நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
ஓட்டில் மயிரிழை விரிசல் என்றும்
உள்ளே போனது வெறும் பாக்டீரியா என்றும் தெரிய
இரண்டு நாளாயிற்று.
அந்த இரண்டு நாளும் நான் மீன் தொடவில்லை.

தேரூரில் அறுப்பு முடிந்த வயல்.
செல்லத்தங்கத்தின் அறுநூறு வாத்தும்
தாள்களுக்கிடையே தலைகீழாய்.
"இது புது மருந்து. கதிர் பட்டது" என்றேன்,
மறைக்கக் கூடாதென்று.
அவர் வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"எனக்க வாத்துக்கு எல்லாமே கதிர்தானம்மா.
அறுக்கையில உதுந்தது."
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு
எந்தக் கதிர் என்று விளக்கினேன், கால் மணி நேரம்.
எல்லாம் கேட்டுவிட்டு
இருபதை மட்டும் பிடித்துக் கொடுத்தார்.
"மத்தது பொறவு பாக்கலாம்."
இருபதுக்கும் காலில் நீலச் சாயம்.
விட்டதும் கூட்டத்தில் கலந்து
சேற்றில் சாயமும் மறைந்துபோயிற்று.

காலிக் குப்பியொன்றை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
அம்மா மூடியைத் திறந்து
செவுளை மோப்பதுபோல் மோந்தாள்.
மறுபடியும்.
"ஒரு மணமும் இல்லியே."
குப்பியைத் திருப்பித் தந்துவிட்டு
முந்தானையில் விரல்களைத் துடைத்தாள்,
ஒவ்வொன்றாக.