கூலிக்குத் தோற்றல்

ஒப்பந்தம் பதினொரு பக்கம்.
ஏழாம் பக்கத்தில்தான் தொகை:
ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் டாலர்.
தோற்க வேண்டும் என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
வர வேண்டும், அவ்வளவுதான்.
செப்டம்பர் முதல் சனிக்கிழமை
பதினொன்றரை மணி வெயிலில்
தொண்ணூறாயிரம் பேருக்கு முன்னால்
வந்து நிற்க வேண்டும்.

வடக்கு டகோட்டாவில்
பீட்ரூட் வயல்கள் முடிகிற இடத்தில் எங்கள் கல்லூரி.
விளையாட்டுத் துறைக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
ஏப்ரலில் நீச்சல்குளத்தின் கொதிகலன் வெடித்தது.
இயக்குநர் ஹஸ்கெல்
இரண்டு காகிதங்களை மேசையில் வைத்தார்:
ஒன்று, நீச்சல் அணியைக் கலைக்கும் உத்தரவு.
மற்றது, தெற்கேயிருந்து வந்த இந்த ஒப்பந்தம்.
எதில் கையெழுத்திடுவது என்று
என்னைக் கேட்கவில்லை.
பேனா மட்டும் என்னுடையது.

அவர்கள் பக்கத்துக் கணக்கும் எனக்குத் தெரியும்.
பருவச்சீட்டில் ஏழு ஆட்டம் என்று விற்றாயிற்று.
ஆறுக்குத்தான் எதிராளி இருக்கிறான்.
ஏழாவது நாளும்
வண்டி நிறுத்த அறுபது டாலர்,
பாப்கார்னுக்குப் பதினொன்று,
எண் பதித்த சட்டைக்கு நூற்று நாற்பது
வசூலாக வேண்டுமே.
எங்களுக்குத் தரும் ஐந்தேகால் லட்சத்தை
நிறுத்துமிடப் பையன்கள்
காலை பத்து மணிக்குள் எடுத்துவிடுவார்கள்.

எங்கள் அணியின் சின்னம் கொக்கு.
அவர்கள் சுவரொட்டியில் வாத்து.

ஐம்பத்தொன்பதுக்கு ஆறு.
அந்த ஆறு புள்ளிக்கு
எங்கள் உணவகத்தில் இலவச வாஃபிள் கொடுத்தார்கள்.
மூன்றாம் கால்பகுதியில்
கோல்பி ரஸ்முசன் பந்தை வீசக் கையைத் தூக்கியபோது
நூற்றைம்பது கிலோ ஒன்று அவன்மேல் விழுந்தது.
அவன் புறம் காட்டவில்லை.
ஓடியிருந்தால் காறையெலும்பு பிழைத்திருக்கும்.
புல்லில் அவன் கிடந்த நேரம் முழுக்கத்
தொலைக்காட்சியில் லாரி விளம்பரம்.
மலைமேல் ஏறியது, ஆற்றில் இறங்கியது,
பின்னால் ஒரு நாய் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது.
திரும்பி வந்தபோது
வேறொரு பையன் நின்றுகொண்டிருந்தான்,
தலைக்கவசப் பட்டை போடத் தெரியாதவன்போல.

முப்பதாம் நாள் காசோலை வந்தது.
வரவு: ஆட்ட உறுதித்தொகை.
செலவு: பேருந்து, விடுதி, நூற்றிருபது கோழி சாண்ட்விச்.
செலவு: முந்தின பயிற்சியாளரை
வேலையைவிட்டு அனுப்பியதற்கு இன்னும் பாக்கி.
செலவு: கொதிகலன், நாற்பத்தொன்றாயிரம்.
காறையெலும்புக்கு என்னிடம் தலைப்பு இல்லை.
'இதர' என்று போட்டேன்.
பிறகு அழித்துவிட்டு
'காப்பீடு' என்று போட்டேன்.

அக்டோபர் கடைசியில் வெளியே பனி.
உள்ளே குளத்தின்மேல் ஆவி.
நாலாம் தடத்தில் ஹாடி லின்ட்குவிஸ்ட்
போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
சுவரை உதைத்துக்கொண்டிருந்தாள்.
ஆழமில்லாத ஓரத்தில்
மருத்துவர் சொன்னபடி
மார்பளவு நீரில் நடந்தான் கோல்பி,
ஒரு கையை வேறு யாருடையதோபோல
நீரில் மிதக்கவிட்டு.

"தண்ணி நல்லா சூடா இருக்கே" என்றான்.
"புது கொதிகலன்" என்றேன்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
விசில் அடிக்கப் பார்த்தான், வலித்தது போல, விட்டுவிட்டான்.
ஹாடி நின்று மூச்சு வாங்கி
அவனைப் பார்த்துக் கையசைத்தாள்.
அவள் பெயர் அவனுக்குத் தெரியவில்லை.
நல்ல கையால் பதிலுக்கு அசைத்தான்.

அலுவலகத்தில் அடுத்த வருட ஒப்பந்தம் காத்திருந்தது.
வேறு மாநிலம், பெரிய அரங்கம்,
ஆறு லட்சம்.
விலை ஏறியிருக்கிறது நமக்கு
என்றார் ஹஸ்கெல்,
பெருமையாகவா என்று தெரியாத குரலில்.

திருத்தம் ஏதாவது உண்டா
என்று கேட்கும் இடத்தில்
இப்படி எழுதி அனுப்பினேன்:
எங்கள் பறவை கொக்கு.
படம் இணைத்திருக்கிறேன்.
கால்கள் நீளமாக இருக்கும், கவனிக்கவும்.