மூன்று கரண்டிக்கு இரண்டு குவளை

தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு விழுந்த வாரம்
ஹொரமாவு சந்தையில் ஏழு கிலோ வாங்கினேன்.
அதே வாரம் டேங்கர் தண்ணீர்
ஆயிரத்தெண்ணூறுக்கு ஏறியது.
கணக்கெழுதிப் பிழைப்பவள் நான்.
இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்,
டேலி ஆகவில்லை.

மொட்டை மாடியில் மூன்று கறுப்புத் தொட்டிகள்.
விரலால் சுண்டினால்
மூன்றும் மூன்று சுருதியில் காலி என்கும்.
அவற்றின் நிழல் விழாத பக்கமாகப்
பழைய துப்பட்டாக்களை விரித்து
வட்டம் வட்டமாய் அரிந்த தக்காளியைப் பரப்பினேன்.
அந்த ஏப்ரலில், இந்த ஊரில்,
சும்மா கிடைத்த ஒரே சாமான் வெயில்.

மூன்று நாள்.
ஏழு கிலோ, நானூற்றிருபது கிராம் ஆனது.
மீதி ஆறு கிலோ ஐந்நூற்றெண்பதும் தண்ணீர்.
என் கண்ணெதிரே,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
மேலே போயிருக்கிறது.

பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்தேன்.
மிளகு, சீரகம், ஒரு துண்டு சுக்கு.
உப்பையும் வறுக்க வேண்டும்.
ஈரத்தை மடியில் ஒளித்துவைப்பதில்
அதைப்போலக் கள்ளி கிடையாது.
எல்லாம் மிக்ஸியில் ஒரு சுற்று,
ஆறவிட்டு இன்னொரு சுற்று.
பாட்டில்களைக் கழுவவில்லை, எதைக்கொண்டு கழுவ?
செய்தித்தாளால் துடைத்து வெயிலில் கவிழ்த்தேன்.

ஜெசிந்தாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட்.
எனக்கு மான்யதாவில் பகல்.
வீடு ஒன்று, அடுப்பு ஒன்று.
ஜனவரியிலிருந்து நாங்கள் சந்தித்துக்கொள்வது
அந்த அடுப்பின் மிச்சச் சூட்டில்தான்.
அவளுடைய காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப்பைக் கிழித்து
பாட்டிலில் ஒட்டி எழுதினேன்:
மூன்று கரண்டி. இரண்டு குவளை தண்ணீர்.
ஐந்து நிமிடம். ஆறு மாதம் கெடாது.

காலையில் அதன் கீழே
மருந்துச்சீட்டுக் கையெழுத்தில் ஒரு வரி:
தண்ணீர் எந்த அலமாரியில்?

சங்கச் செயலாளர் பிரகலாத ராவ்
வீட்டுக்கு மூன்று வாளி என்று அறிவித்தார்.
டேங்கர் ஹென்னூர் தாண்டிவிட்டது என்றார் செவ்வாய்.
வியாழனும் அது ஹென்னூர் தாண்டிக்கொண்டேயிருந்தது.
அலமாரியில் ஐந்து பாட்டில் சூப்
வரிசையாக நின்றது,
ஆள் வராத கல்யாணப் பந்திபோல.

ஞாயிறு, நாலு மணி.
கடைசி ஈடு, தாம்பாளம் நிறையத் துருவிய கேரட்,
குறுக்கே அரிந்த பீன்ஸ்.
இன்னும் ஒரு மணி நேர வெயில் இருந்தால் போதும்,
கண்ணாடி வளையல் உடைவதுபோல் உடையும்.
முதல் துளி பாரபெட் சுவரில் விழுந்தது.
இரண்டாவது என் கழுத்தில்.

கட்டடமே மாடிக்கு ஓடி வந்தது.
நாகவேணி அக்கா குடத்தோடு,
ராவ் பனியனோடு,
பிள்ளைகள் கையில் கிடைத்த டப்பாக்களோடு.
மளெ பந்த்து, மளெ பந்த்து என்று கூச்சல்.
மழையை வைதவள்
அங்கே நான் ஒருத்திதான்.
நாசமாய்ப் போக, ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன,
என்று தமிழில் கத்தினேன், யாருக்கும் புரியவில்லை.
மழைக்கும்.

துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பினால்
தாம்பாளம் விளிம்பு வரை தளும்புகிறது.
நூலாய்க் கிடந்த கேரட்
ஒவ்வொன்றாய்ப் புரண்டு, பருத்து,
நாக்கு நுனியில் நின்ற பெயர்
திடீரென்று ஞாபகம் வந்ததுபோலப்
பழைய நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

தூக்கம் கலைந்த ஜெசிந்தா நைட்டியோடு வந்தாள்.
பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.
தாம்பாளத்தின் ஒரு காதை அவள் பிடித்தாள்.
துணியில் வடித்தபோது
ஒரு வேப்பம்பூவும் கொஞ்சம் ரோட்டுப் புழுதியும் தங்கின.
இருபது நிமிடம் கொதிக்கணும், அதற்குக் குறையக்கூடாது
என்று நர்ஸ் சொன்னாள்.
பாட்டிலைத் திறந்து மூன்று கரண்டி,
அப்புறம் எண்ணாமல்.

சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து குடித்தோம்.
லேசாகத் தகர வாசம் அடித்தது.
உப்பு பத்தலை, என்றாள்.
வறுத்து, மூடி இறுக்கி வைத்திருந்ததை எடுத்துச் சாய்த்தேன்.
விழவில்லை.
அதற்குள் கட்டியாகிப் போயிருந்தது.