சூரமங்கலம் கிளை, புதன்கிழமைப் படம்

பிறந்த தேதி கேட்டது.
கட்டடத் திறப்புக் கல்வெட்டைப் பார்த்து இட்டேன்.
ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கணக்கு கிடையாது
என்றது கைப்பேசி.
என்னுடையதைக் கொடுத்தேன்.
அன்று முதல் சூரமங்கலம் கிளை நூலகத்துக்கும்
எனக்கும் ஒரே நட்சத்திரம்.

மாவட்ட மையத்திலிருந்து ஆணை:
கிளைக்கு ஒரு பக்கம், ஒரு சேனல்,
வாரம் மூன்று பதிவு.
எத்தனை பேர் பார்த்தார்கள் என்று
மாதக் கடைசியில் அறிக்கை, இரண்டு பிரதி.
தாளில்.

முதல் வீடியோவில் என் கட்டைவிரல்
பாதி நேரம் நடித்திருந்தது.
கோவை வண்டி ஜங்ஷனுக்குள் நுழைகிற சத்தத்தில்
நான் சொன்ன புதுவரவு ஒன்றும் காதில் விழவில்லை.
பார்த்தவர் நான்கு. அதில் மூன்று நான்.
மிச்சம் ஒருத்தி, பெருக்க வரும் பாவாயி;
என் பக்கத்தில் நின்றுகொண்டே
சிவப்பு இதயத்தை அமுக்கினாள்.

ஹாஷ்டாக் சட்டென்று புரிந்துவிட்டது:
பொருள் தலைப்பு அட்டைதான், வெட்கம் விட்டது.
பின்தொடர்வோர் என்ற சொல்தான் பழகவில்லை.
ஐந்து ரோட்டில் இருட்டிய பிறகு
பின்னால் யார் வந்தாலும்
கைப்பையை இறுக்குகிறவள் நான்.

திரும்பி வந்த நூல்களுக்குள் கிடைத்ததைப் படமெடுத்தேன்:
ஏற்காடு பஸ் டிக்கெட்,
கொலுசுப் பட்டறை எடைச்சீட்டு,
பாதி நக்கிய தபால் தலை.
நாற்பத்தொன்று, நூற்றிருபது என்று ஏறியது.
எண் ஏறும்போது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி.
மறைப்பானேன், இருந்தது.

அந்த மிதப்பில்தான் புதன்கிழமை
வாசிப்பறையை எடுத்தேன்.
ஜன்னலில் சேர்வராயன் மேல் மேகம்,
உள்ளே ஏழு தலைகள், குனிந்தபடி.
"அமைதி இங்கே இலவசம்" என்று எழுதி
நானே இரண்டு முறை படித்தேன்.

மாலையில் ஒரு அழைப்பு.
"மேடம், அந்த ஃபோட்டோ எப்ப எடுத்ததுங்க?"
"இன்னிக்குத்தாங்க, பதினொன்றரைக்கு."
"இன்னிக்குத்தானா."
பின்னால் குக்கர் விசில். இன்னொன்று.
"ஓரத்துல, டிபன் பையோட ஒருத்தர்..."
நான் பேசவில்லை.
"சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

அவரைத் தெரியும். பெயராக அல்ல,
நாற்காலியாக.
ஆவணியிலிருந்து தினம் ஒன்பதே முக்காலுக்கு.
வேலைவாய்ப்புப் பக்கம், பிறகு மற்ற எல்லாப் பக்கமும்.
ஒரு மணிக்குப் பின்பக்கப் படியில் சாப்பாடு.
ஐந்தரைக்கு, ஷிப்ட் முடிந்தவர்போல்
முகம் கழுவிக்கொண்டு கிளம்புவார்.
வருகைப் பதிவேட்டில் வெறும் கோழிக்கிறுக்கல்.

நீக்கினேன்.
ஒரு நூலைக் கழிக்க எனக்குப்
படிவம், காரணம், மூன்று கையொப்பம்,
சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மை வேண்டும்.
இதற்கு ஒரு விரல்.
அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.
அந்த எண்ணையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.
சேர்த்தேன். இரண்டு பிரதி.

வியாழன், நாற்காலி காலி.
வெள்ளி எங்களுக்கு விடுமுறை.
சனி காலி. ஞாயிறு யாரோ ஒரு பையன் உட்கார்ந்தான்,
எனக்குக் கோபம் வந்தது.

செவ்வாய் வந்தார். பை இல்லை.
அதே நாற்காலி.
பதிவேட்டில் முதல்முறையாகப் படிக்கும்படி எழுதியிருந்தார்:
அ. சித்தேஸ்வரன்.
தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
ஒரு மணிக்கு எழுந்து போய்
இரண்டே காலுக்குத் திரும்பினார்,
மீசையில் ரச வாசனையோடு.
நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும்.

வாரக் கணக்கில் இன்னும் ஒரு பதிவு பாக்கி.
புதுவரவு அலமாரியை எடுத்தேன்.
கீழே, வாசலோரம்,
கழற்றிவிட்ட செருப்புகளும் விழுந்திருந்தன.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பிய்ந்த வாரில் குத்திய ஊக்கு வரை தெரிகிறது;
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.
வெட்டினேன்.
அடித்தட்டில் இரண்டு நூல்களும் சேர்ந்து போயின.