கல்குளம் கட்டு

அட்டையில் ஐந்து வட்டம்.
குதிகாலில் ஒரு குத்து. பிள்ளை வீரிடும்.
வட்டம் நிறைய ஒரு துளி ஊற வேண்டும்.
வெயிலில் காயக்கூடாது என்பது விதி.
ஆசாரிபள்ளத்தில் ஆனி மாதம்
வெயிலை யார் கண்டார்கள்?
ஈரம் குடிக்கும் நீலமணிப் பொட்டலம்
வெளுத்துவிட்டதா என்று
நாளுக்கு மூன்று தடவை திறந்து பார்ப்பேன்.

முதல் வட்டம் தைராய்டுக்கு. அதற்குப் பெயர் வேண்டும்.
மிச்ச வட்டத்துக்குப் பெயர் ஆகாது.
பெயர் விழுந்த ஓரத்தைக் கத்தரித்து எரிப்பதும் நான்தான்.
தாலுகா, மாதம், அவ்வளவே.

"கடலில் உப்பு எவ்வளவு என்று பார்க்க
ஒரு கை வெள்ளம் போதும்.
எந்த அலை என்று கேட்காதீர்கள்"
என்றார் பயிற்சியில் டாக்டர் எட்வின்தாஸ்.
அவர் குலசேகரத்துக்காரர், ரப்பர் குடும்பம்.
கடல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை.

ரத்தம் பிள்ளையுடையது. அது சொல்வதோ தாயின் சங்கதி.
அவள் உடம்பு சண்டைக்கென்று செய்துவைத்ததைக்
கொடி வழியாக வாங்கி
ஒன்றரை வருஷம் வைத்திருக்கும்.
பிள்ளைக்குக் கிருமி இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

கல்குளம் கட்டு எட்டு மாதம் தாமதம்.
எல்லாம் தக்கலை ஆஸ்பத்திரியில் பிறந்தவை.
கடுகுக்குக் கொஞ்சம் பெரிய பொட்டாகக் குத்தியெடுத்து
குழிகளில் ஊறப்போட்டேன்.
நாற்பது குழி தெளிந்த தண்ணீர்.
ஒன்று மஞ்சள்.
மறுபடி செய்தேன். மஞ்சள்.
கைபிசகாக இருக்கட்டும் என்று மூன்றாவதும் செய்தேன்.
நேந்திரம்பழத் தோல் மாதிரி, சந்தேகமில்லாமல்.

பிறகுதான் மாதத்தைப் படித்தேன்.

அந்த மாதம் நான் விடுப்பில்.
தக்கலையில் பன்னிரண்டாம் கட்டில்.
என் மகன் வீரிட்டதும் இந்த அட்டைக்குத்தான்.
ஓரம் கத்தரித்தது ஜெபகனி.
நாற்பத்தொன்றில் ஒருத்தி நான்.

கர்ப்பத்தில் பார்க்கவில்லையா என்பீர்கள்.
அப்போதெல்லாம் கேட்டால்தான் பார்ப்பார்கள்.
லேப்காரி நானே கேட்கவில்லை.

செலஸ்டினுக்குக் குளச்சலில் விசைப்படகு வேலை.
கொச்சி, மங்களூர், ரத்தினகிரி என்று மாதக்கணக்கில்.
அன்று ராத்திரி அவன் தூங்கியபின்
சட்டைப் பையைத் துழாவினேன்.
டீசல் பில்லும் பாதி மிட்டாயும்.
பிள்ளை பாலுக்கு அழுதான்.
கொடுக்கலாமா என்று உட்கார்ந்திருந்தேன்.
அவன் காத்திருக்கவில்லை.

பதினான்காம் அறையில் ராதாமணி நிமிர்ந்து
"சாம்பிள் கொண்டுவந்தியா?" என்றாள்.
"கையைத்தான் கொண்டுவந்தேன்."
அதற்குமேல் அவள் சிரிக்கவில்லை.

இல்லை என்று வந்தது.
தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகி
பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.
வில்லுக்குறி தாண்டும்போதுதான் கணக்கு உறைத்தது.
நாற்பத்தொன்றில் ஒன்று போனால் நாற்பது.
என் பங்கை அந்த நாற்பது பேர் தலையிலும்
பொடிப்பொடியாக ஏற்றிவிட்டு
நான் மட்டும் இறங்கிக்கொண்டேன்.

அந்த மாதத்துப் பிள்ளைகளுக்கு
ஒன்பதாம் மாசத் தட்டம்மை ஊசி, புதன்கிழமை.
லீவு போட்டுவிட்டு வரிசையோரம் நின்றேன்.
"ஆசாரிபள்ளம் பதினான்காம் அறை,
ஒரு பஸ்தான். எல்லாரும் ஒரு நடை போயிட்டு வாருங்க.
நானும் போனேன்."
"எங்க வீட்ல அப்படியொண்ணும் இல்ல" என்று
ஒருத்தி முந்தானையை இழுத்துக்கொண்டாள்.
இது உன் சோலியா என்று நர்ஸ் அதட்டினாள். என் சோலியில்லைதான்.
நாலு வாரம் போனேன்.
முப்பத்தொரு பேர் தலையாட்டினார்கள்.
பஸ் ஏறியது எத்தனை பேர் என்று
ராதாமணி சொல்லமாட்டாள். சொல்லவும் கூடாது.

அறிக்கையில் எழுதினேன்:
கல்குளம், நாற்பத்தொன்று, ஒன்று.

கடைசிப் புதன் கடைசியாக வந்தவள்
நான் சொன்னதைக் கேட்டுவிட்டு
தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.
"வேண்டாம் மக்ளே" என்றேன்.
அவள் இடுப்பிலிருந்த பிள்ளை காலை ஆட்டியது.
குதிகாலைப் பார்த்தேன்.
தழும்பில்லை. இருக்காது,
ஒரு வாரத்தில் ஆறிவிடும் காயம்.